கொழுப்புணவும் மார்பகப் புற்றுநோயின் பரவலும்

உண்ணும் உணவுக்கும் உடலை வருத்தும் நோய்க்கும் தொடர்புண்டு என்பது நம் முன்னோர் நெடுங்காலமாகக் கொண்டிருந்த கொள்கை. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே மருந்தின் பெயர் ஒன்றையேனும் கூறாது, உண்ணும் அளவையும் முறையையும் பற்றியே பெரிதும் பேசினார். எனினும், எவ்வுணவு எந்நோயை எவ்வழியால் வளர்க்கின்றது என்பதைப் பொதுவான ஓர் எண்ணத்தினால் மட்டும் துணிதல் இயலாது. ஆராய்ந்து தேறல் வேண்டும். அத்தகைய ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் உட்பட்டு வந்துள்ள ஒரு வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. நாம் உண்ணும் கொழுப்பு, மார்பகப் புற்றுநோய் உடலிற் பரவுதற்குத் துணைசெய்கின்றதா என்பதே அவ்வினா.

இலங்கையிலே பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. இம்மலரைக் கையிலெடுப்போர் பலருடைய இல்லங்களிலும் தாயாகவோ, தமக்கையாகவோ, மனைவியாகவோ, மகளாகவோ ஒருத்தி இந்நோயின் அச்சத்துக்கு உள்ளாகியிருத்தல் கூடும். நோய் கண்ட வீட்டிலே அறிவுரைக்குக் குறைவிராது. எண்ணெயை அறவே நீக்குக என்பார் ஒருவர். தேங்காயே நஞ்சு என்பார் மற்றொருவர். பட்டினி கிடந்தாற் புற்றுப் பட்டுப்போகும் என்பார் வேறொருவர். இவற்றால் விளையும் தீங்கு சிறிதன்று. சிகிச்சையைத் தாங்குதற்கு வலிமை வேண்டிய வேளையிலே நோயாளி மெலிகின்றாள். பத்தியத்தை நம்பி வைத்தியசாலைக்குச் செல்லுதலைப் பிற்போடுகின்றாள். ஆதலின், இத்துறையிலே உறுதியாக அறியப்பட்டது எது, ஐயத்துக்கு இடமாயுள்ளது எது என்பதைப் பகுத்தறிதல் கற்றோர்க்குக் கடமையாம்.

தொடக்கத்திலேயே மூன்று வினாக்களை வேறுபடுத்திக் கொள்வோம். கொழுப்புணவு புற்றுநோயைத் தோற்றுவிக்கின்றதா என்பது முதலாவது. தோன்றிய நோயைப் பிற உறுப்புகளுக்குப் பரவச் செய்கின்றதா என்பது இரண்டாவது. கொழுப்பைக் குறைத்து உண்ணும் பெண்ணுக்கு அதனால் நன்மை உண்டா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புதலே பல தவறான முடிபுகளுக்கு வித்து.

பரவல் என்பது யாது?

மார்பகத்திலே தோன்றிய கட்டி அவ்விடத்திலேயே நின்றுவிடுமாயின், சத்திரசிகிச்சையால் அதனை அகற்றிவிடலாம். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமாவது மார்பகத்திலுள்ள கட்டி அன்று. அதிலிருந்து பிரிந்து சென்று எலும்பு, சுவாசப்பை, ஈரல், மூளை ஆகிய இடங்களிலே குடிகொள்ளும் கலங்களே. இப்பயணம் எளிதன்று. கலம் தான் பிறந்த இழையத்தை விட்டு நீங்க வேண்டும். குருதிக் குழாயினுள்ளோ நிணநீர்க் குழாயினுள்ளோ நுழைய வேண்டும். ஓடும் குருதியிலே உயிர் தப்ப வேண்டும். அயலான ஓர் உறுப்பிலே இறங்கி, அங்குள்ள சூழலுக்கு இணங்கிப் பெருக வேண்டும். புறப்படும் கலங்களுள் மிகப் பெரும்பாலானவை வழியிலே மடிகின்றன.

1889 ஆம் ஆண்டிலே ஸ்ரீபன் பஜெற் என்னும் ஆங்கிலேயச் சத்திரவைத்தியர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஒப்புநோக்கினார். குருதி எல்லா உறுப்புகளுக்கும் செல்கின்றது. ஆயினும் நோய் எல்லா உறுப்புகளிலும் ஒரே வகையாக இறங்கவில்லை. ஈரலிலே மிகுதியாகக் காணப்பட்டது; மண்ணீரலிலே அரிதாகவே காணப்பட்டது. இதனைக் கண்ட அவர், புற்றுக் கலத்தை விதைக்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். விதை எங்கும் சிந்தலாம். ஏற்ற நிலத்திலன்றி முளையாது என்பது அவர் கருத்து. நாம் ஆராயும் பொருளை விளக்குதற்கு இவ்வுவமையே இன்றும் பெருந்துணையாகின்றது. கொழுப்பானது விதைக்கு வலிமை ஊட்டுகின்றதா, நிலத்துக்கு எருவாகின்றதா, அன்றி இரண்டுமா என்பதே இக்காலத்து ஆராய்ச்சியாளர் எழுப்பும் வினா.

கொழுப்பு ஒன்றன்று, பல

கொழுப்பு என்று ஒரு சொல்லாற் குறிப்பினும் அது ஒரு பொருளன்று. எண்ணெயும் நெய்யும் பலவகைக் கொழுப்பமிலங்களாலானவை. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய அரைப்பங்கு இலோரிக் அமிலம். பாமிற்றிக் அமிலம் பத்திலொரு பங்களவே. பாம் எண்ணெயிலோ பாமிற்றிக் அமிலம் நூற்றுக்கு 40 பங்குக்கு மேலாம். நெய்யிலும் மாட்டிறைச்சிக் கொழுப்பிலும் அது ஏறத்தாழக் காற்பங்களவு. ஒலிவ எண்ணெயில் ஒலெயிக் அமிலமே மிகுதி. நல்லெண்ணெயில் ஒலெயிக் அமிலமும் இலினொலெயிக் அமிலமும் ஏறக்குறைய ஒத்த அளவின. சூரியகாந்தி, சோளம் ஆகியவற்றின் எண்ணெய்களில் இலினொலெயிக் அமிலம் மேலோங்கும். மீனெண்ணெயிலுள்ளவை ஒமேகா மூன்று என்னும் பிறிதொரு குடும்பத்தைச் சேர்ந்தவை.

மற்றுமொன்றை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பாமிற்றிக் அமிலம் உணவால் மட்டும் வருவதன்று. மிகுதியாக உண்ட மாப்பொருளையும் சீனியையும் நமது ஈரல் அவ்வமிலமாக மாற்றிச் சேமிக்கவல்லது. ஆகவே எண்ணெயை ஒழித்துவிட்டுச் சீனியையும் சோற்றையும் மிகுத்துண்பவர், ஒரு வாயிலை அடைத்து மற்றொரு வாயிலைத் திறந்தவராவர்.

எலிகளும் நாடுகளும்

1942 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் அல்பேட் தனன்பாம் என்னும் ஆராய்ச்சியாளர், கொழுப்பு மிகுந்த உணவூட்டப்பட்ட சுண்டெலிகளிலே முலைக்கட்டிகள் மிகுதியாகத் தோன்றுதலைக் காட்டினார். 1975 ஆம் ஆண்டிலே கனடாவிலே கென்னத் கரோல் என்பவர் பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்டு, மக்கள் கொழுப்பு மிகுதியாக உண்ணும் நாடுகளிலே மார்பகப் புற்றுநோயால் இறப்போர் தொகையும் மிகுந்திருத்தலை எடுத்துக்காட்டினார். அதே ஆண்டிலே ஆம்ஸ்ரோங், டோல் என்னும் இருவரும் இதனை ஒத்த முடிபை வெளியிட்டனர். யப்பானிலே இந்நோய் குறைவாக இருந்தது. அந்நாட்டிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியோரின் வழித்தோன்றல்களிடத்திலோ அது பெருகிற்று. பரம்பரை மாறவில்லை, வாழ்க்கை முறையே மாறிற்று. ஆதலாற் கொழுப்பே காரணம் எனப் பலர் துணிந்தனர்.

துணிபு விரைவுபட்டது என்பது பின்னர் விளங்கிற்று. கொழுப்பு மிகுதியாக உண்ணும் நாடு செல்வ நாடு. அங்கே பெண்கள் பெறும் பிள்ளைகள் சிலர், முதற் பிள்ளையைப் பெறுவதும் பிந்திய வயதிலே, பாலூட்டுங் காலமும் குறைவு, பூப்பு முந்துகின்றது, உடலுழைப்புக் குறைந்து உடற்பருமன் கூடுகின்றது. இவை யாவும் நோயோடு தொடர்புடையன. நாட்டை நாட்டோடு ஒப்பிட்டால் இவற்றுள் எது காரணம் என்று பிரித்தறிதல் அரிது. தனித்தனிப் பெண்களைத் தொடர்ந்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது.

அவ்வாறே செய்தனர். வோல்ரர் வில்லெற்றும் அவர் துணைவரும் அமெரிக்கத் தாதியர் 89,538 பேரின் உணவைக் கேட்டறிந்து, நான்காண்டுகள் தொடர்ந்து நோக்கி 1987 இலே முடிபை வெளியிட்டனர். கொழுப்பு மிகுத்துண்டவர்க்கு நோய் மிகவில்லை. 1996 இலே ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 337,819 பெண்களின் விவரங்களைத் தொகுத்து நோக்கியபோதும் அதே விடையே கிடைத்தது. ஆகவே முதலாம் வினாவுக்கு, வயதுவந்த பின் உண்ணும் கொழுப்பின் மொத்த அளவு மார்பகப் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் பெருங்காரணம் அன்று என்பதே இன்று கூறத்தக்க விடை.

ஆய்வுகூடம் காட்டுவது

தோற்றம் வேறு, பரவல் வேறு என்று மேலே கூறினோம். இரண்டாம் வினாவிலேதான் அண்மைக் காலத்திலே புதிய ஒளி பிறந்துள்ளது.

2017 ஆம் ஆண்டிலே ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகர ஆராய்ச்சியாளர், வாய்ப்புற்றுக் கட்டிகளிலே கலங்களுள் ஒரு சிறு கூட்டம் மட்டுமே பரவலைத் தொடங்கவல்லது என்றும், அக்கூட்டத்தின் மேற்பரப்பிலே சீ.டி. 36 என்னும் வாங்கி மிகுந்திருக்கின்றது என்றும் கண்டனர். கொழுப்பமிலங்களைப் பற்றிக் கலத்தினுள்ளே இழுத்துக் கொடுப்பதே அவ்வாங்கியின் தொழில். கொழுப்புணவோ பாமிற்றிக் அமிலமோ ஊட்டப்பட்டபோது சுண்டெலிகளிலே பரவல் பெருகிற்று. அவ்வாங்கியைப் பிறபொருளெதிரியால் அடைத்தபோது பரவல் தடைப்பட்டது. மனித மார்பகப் புற்றுக் கலங்களை வைத்து நோக்கியபோதும் அவ்வாங்கியின் பங்கு தென்பட்டது. 2021 இலே அக்குழுவினரே, வாய்ப்புற்றிலும் கருநிறத் தோற்புற்றிலும் பாமிற்றிக் அமிலம் பரவலைத் தூண்டுகின்றது என்றும், ஒலெயிக் அமிலமும் இலினொலெயிக் அமிலமும் அங்ஙனம் தூண்டுவதில்லை என்றும் காட்டினர்.

இது விதையைப் பற்றிய செய்தி. நிலத்தைப் பற்றிய செய்தி பெல்ஜிய நாட்டு லூவன் நகரிலிருந்து 2023 இலே வந்தது. கொழுப்புணவு ஊட்டப்பட்ட எலிகளின் சுவாசப்பையிலே, புற்றுக் கலம் வந்து சேருமுன்னரே பாமிற்றிக் அமிலம் மிகுந்திருந்தது. வந்திறங்கிய மார்பகப் புற்றுக் கலங்கள் அதனை உட்கொண்டு, அதிலிருந்து பெற்ற மூலப்பொருளாலே தம்முள்ளிருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தை மாற்றியமைத்துப் பெருகின. அம்மாற்றத்தைச் செய்யும் நொதியத்தைத் தடுத்தபோது வளர்ச்சி குன்றிற்று. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் பஜெற் கூறிய நிலத்துக்கு எருவிடப்படுதலை இரசாயன மொழியிலே இவ்வாராய்ச்சி விளக்கிற்று எனலாம்.

இலினொலெயிக் அமிலமும் முற்றாகக் குற்றமற்றது எனக் கூறுதற்கில்லை. 2025 இலே நியூயோர்க் நகர ஆராய்ச்சியாளர், ஓமோன் வாங்கிகளற்ற 'மும்மறை' வகை மார்பகப் புற்றிலே இவ்வமிலம் ஒரு காவிப் புரதத்தோடு இணைந்து கலவளர்ச்சியைத் தூண்டும் பொறியை இயக்குகின்றது என்று காட்டினர். ஏனைய வகைப் புற்றுக் கலங்களிலே அவ்விளைவு காணப்படவில்லை. ஒரே பெயரால் அழைக்கப்படும் நோயினுள்ளும் பல நோய்கள் உண்டு என்பதற்கு இது சான்று.

எனினும், எலியிற் கண்டதை மனிதர்மீது ஏற்றிக் கூறும்போது எச்சரிக்கை வேண்டும். ஆய்வெலிக்கு ஊட்டப்படும் கொழுப்பு, மனிதர் நாடோறும் உண்ணும் அளவை விஞ்சியதாதல் உண்டு. வேறோர் எச்சரிக்கையும் இத்துறை வரலாற்றிலேயே உளது. 1990 களின் தொடக்கத்திலே, சோள எண்ணெய் மிகுத்த உணவு மார்பகப் புற்றுக் கலங்களைச் சுவாசப்பைக்குப் பரவச் செய்கின்றது என்று சில ஆய்வுகள் காட்டின. அவற்றிற் பயன்பட்ட கலவரிசையின் பெயர் எம்.டி.ஏ.-எம்.பி. 435. உலகெங்கும் மார்பகக் கலம் என்றே கருதப்பட்ட அது, பிற்காலப் பரிசோதனைகளிலே கருநிறத் தோற்புற்றின் கலம் என வெளிப்பட்டது. பரிசோதனை பிழையன்று, பரிசோதிக்கப்பட்ட பொருளின் பெயர் பிழை. கற்றோர் கையாண்ட போத்தலிலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டே பிழைபடுமாயின், பத்திரிகைத் தலைப்பை மட்டும் கண்டு உணவை மாற்றுவோர் நிலை யாதாகும்?

பெண்களிடத்து நடந்த பரிசோதனைகள்

மூன்றாம் வினாவுக்கு விடை கூறத்தக்கவை, பெண்களை இரு தொகுதியாகப் பிரித்து நடத்தப்பட்ட பெரும் பரிசோதனைகளே. மூன்று பரிசோதனைகள் இங்கு குறிக்கத்தக்கன. அனைத்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நடந்தவை.

முதலாவது, நோய் கண்டு ஆரம்பச் சிகிச்சை பெற்ற 2,437 பெண்களைக் கொண்டது. ஒரு தொகுதியினர் நாளொன்றுக்கு உண்ட கொழுப்பை ஏறத்தாழ 33 கிராமாகக் குறைத்தனர். மற்றையோர் 51 கிராம் அளவில் உண்டனர். ஏறக்குறைய ஐந்தாண்டுகளின்பின் 2006 இலே வெளிவந்த முடிபின்படி, குறைத்துண்டோருள் நூற்றுக்கு 9.8 பேர்க்கும், மற்றையோருள் 12.4 பேர்க்கும் நோய் மீண்டது. இரண்டாவது, 3,088 பெண்களைக் கொண்டது. காய்கறி, பழம், நார்ப்பொருள் ஆகியவற்றை மிகுத்துக் கொழுப்பைக் குறைக்குமாறு ஒரு தொகுதிக்கு அறிவுறுத்தப்பட்டது. ஏழாண்டுகளுக்கு மேற் சென்றபின் 2007 இலே கண்டது யாது? நோய் மீளுதலோ புதிதாகத் தோன்றுதலோ ஒரு பக்கம் நூற்றுக்கு 16.7; மறுபக்கம் 16.9. வேறுபாடு இல்லை என்பதே பொருள்.

ஒன்றோடொன்று முரணும் இம்முடிபுகளை எங்ஙனம் பொருத்துவது? ஒரு குறிப்பு வழிகாட்டுகின்றது. முதற் பரிசோதனையிலே கொழுப்பைக் குறைத்த பெண்கள் மற்றையோரிலும் ஏறத்தாழ ஆறு இறாத்தல் எடை குறைந்திருந்தனர். இரண்டாவதிலே இரு தொகுதியினர்க்கும் எடையில் வேறுபாடு இல்லை. நன்மை செய்தது கொழுப்பின் குறைவா, எடையின் குறைவா என்னும் ஐயம் இதனால் எழுகின்றது.

மூன்றாவது பரிசோதனை, நோயற்றவராய், மாதவிடாய் நின்றவராய் இருந்த 48,835 பெண்களைக் கொண்டது. உணவாற் பெறும் சக்தியிலே கொழுப்பின் பங்கை ஐந்திலொன்றாகக் குறைத்தல் இலக்கு. பெரும்பாலோர் அவ்விலக்கை எய்தவில்லை. 2006 இலே, நோய் தோன்றியோர் தொகை நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்திருந்தது. அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. ஆயினும், ஏறக்குறைய இருபதாண்டுகள் தொடர்ந்து நோக்கியபின் 2020 இலே வெளிவந்த முடிபின்படி, மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் தொகை குறைத்துண்ட தொகுதியிலே நூற்றுக்கு 21 பங்கு குறைந்திருந்தது. நோய் தோன்றுதல் சிறிதே மாறிற்று. நோயால் இறத்தல் அதனினும் மிகுதியாகக் குறைந்தது. பரவலே பெரும்பாலும் இறப்புக்குக் காரணமாதலின், ஆய்வுகூடம் காட்டிய திசையோடு இது ஒத்திருத்தல் கவனிக்கத்தக்கது. எனினும் அளவை மறத்தலாகாது. ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் பெண்களுள் இறந்தோர் ஒரு தொகுதியிலே 37 பேர். மற்றதிலே 47 பேர். நன்மை உண்டு, அது சிறிது. அன்றியும், அப்பெண்கள் கொழுப்பைக் குறைத்ததோடு காய்கறி, பழம், தானியம் ஆகியவற்றையும் கூட்டி உண்டனர். எடையும் சிறிது குறைந்தனர்.

உடலிலுள்ள கொழுப்பு

தட்டிலுள்ள கொழுப்பிலும் உடலிலுள்ள கொழுப்பே பெரிதும் கவனிக்கத்தக்கது என்பதற்குச் சான்றுகள் உறுதியாக உள. மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரத்தலை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதன்பின் அவ்வோமோன் பெரும்பாலும் உடற்கொழுப்பிலேயே உண்டாகின்றது. மார்பகப் புற்றுகளுட் பெரும்பாலானவை ஈஸ்திரசனால் வளர்வன. ஆதலின் அப்பருவத்திலே உடற்பருமன் நோய்க்கு வாய்ப்பை மிகுவிக்கின்றது. பருமனோடு இன்சுலினும் குருதியில் உயர்கின்றது, அழற்சியும் நிலைபெறுகின்றது. மார்பகமோ இயல்பாகவே கொழுப்பிழையத்தாற் சூழப்பட்டது. அருகிலுள்ள கொழுப்புக் கலங்களிலிருந்து புற்றுக் கலங்கள் நேரே உணவு பெறுதலையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

இதுவரை கூறியவற்றால் விளைவது யாது? கொழுப்புணவு மார்பகப் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் முதற்காரணம் எனக் கூறுதற்குச் சான்றில்லை. தோன்றிய நோய் பரவுதற்குச் சில கொழுப்பமிலங்கள், சிறப்பாகப் பாமிற்றிக் அமிலம், துணைபோகக்கூடும் என்பதற்கு ஆய்வுகூடச் சான்று வலுப்பெற்று வருகின்றது. உணவிலே கொழுப்பை மிதப்படுத்தி எடையைக் காத்தல் பெண்களுக்குச் சிறு நன்மையேனும் தரும் எனக் கொள்ள இடமுண்டு.

இதன்வழி நாம் செய்யத்தக்கவை அரியனவல்ல. பொரித்த பண்டங்களையும், பாம் எண்ணெயும் சீனியும் மலிந்த கடைப் பலகாரங்களையும் நாட்பழக்கமாக்காதிருத்தல், கீரை, காய்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றுக்கு இடங்கொடுத்தல், சோற்றையும் சீனியையும் அளவிலே நிறுத்தல், நாடோறும் நடத்தல், மதுவை நீக்கல். இருதயத்துக்கும் நீரிழிவுக்கும் கூறப்படும் அறிவுரையும் இதுவே. தேங்காயைக் குற்றவாளியாக்கி ஒழித்தலும், அதனையே சர்வரோக நிவாரணியாகப் போற்றுதலும் ஒருங்கே தள்ளத்தக்கன.

புற்றுக் கலத்தைப் பட்டினியாற் கொல்லலாம் என்பது பெருந்தவறு. உடல் தானே கொழுப்பமிலத்தை ஆக்கவல்லது. உண்ணாத நோயாளியிடத்தே முதலில் மெலிவது அவள் தசையேயன்றிப் புற்றன்று. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்து ஆகியவற்றின் இடத்தைப் பத்தியம் பெறமாட்டாது. சிகிச்சைக் காலத்து உணவை வைத்தியரே வகுத்தல் வேண்டும். நோயை ஆரம்பத்திலே கண்டுகொண்டால், பரவுமுன்னரே அதனை அகற்றிவிடலாம். 1996 முதல் நம் நாட்டிலே நடைபெற்று வரும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களிலே மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. வலியில்லாக் கட்டி என்று வாளாவிருத்தலும், வெட்கத்தால் மறைத்தலும், உண்ட எண்ணெயிலும் மிகப் பெருந்தீங்கு விளைப்பன. கடையிலே எண்ணெய் வாங்குவோரும், வைத்தியசாலைக்குச் செல்லும் நாளைக் குறிப்போரும் பல வீடுகளில் ஆடவரே. ஆதலின் இக்கடமையிற் பெரும்பங்கு அவர்க்கு உண்டு.

இறுதியாக ஒன்று. நோயுற்ற பெண்ணை நோக்கி, "நீ உண்ட உணவினாலன்றோ இது வந்தது" என்று கூறுவோர் உளர். அறிவியல் அவ்வாறு கூறவில்லை. பல்லாயிரம் பெண்களின் கணக்கிலே தோன்றும் சிறு வேறுபாடு, தனி ஒருத்தியின் நோய்க்குக் காரணங் காட்டவல்லதன்று. அளவாக உண்ட பெண்ணுக்கும் இந்நோய் வரும்; அளவின்றி உண்டவள் நோயின்றி முதுமை எய்துதலும் உண்டு. அவளுக்கு நாம் தரவேண்டியது குற்றச்சாட்டன்று. காலத்தாற் சிகிச்சையும், பசிக்கு ஏற்ற நல்லுணவும், உடன்நிற்கும் துணையுமேயாம்.